முஸ்தபா கேம் திரும்ப வர சான்ஸ் இருக்கா?

கடைசிகாயின்:
நேத்து அண்ணன் பையன் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4ன்னு ஒரு அடிதடி வீடியோ கேம் போட்டு குடுத்தான், ரெண்டு ஸ்டேஜ் ஆடுறதுக்குள்ள கை தன்னால ரன் கிக் அடிக்கத் தேடுது, அப்பதான் முஸ்தபா ஞாபகம் வந்துச்சு. கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்னு பேரே காலேஜ் போனப்புறம்தான் தெரியும், வீடியோ கேம் கடையில எல்லாருக்கும், அதுல நாம ஆடுற முஸ்தபாங்குற ஆளு பேர வச்சு, அது முஸ்தபா கேம்தான். சேகா 1994ல ஸ்ட்ரீட்ஸ் மூணாவது பார்ட்ட விட்டுச்சு, அப்புறம் 2020ல அவங்க லைசென்ஸ்ல டோட்எமு கம்பெனி நாலாவத கொண்டு வந்துச்சுல்ல, முஸ்தபா கேம் பண்ண கேப்காம் ஏன் இத மட்டும் தொடவே மாட்டேங்குது? 2018ல ஏழு பழைய கேம சேத்து ஒரு பண்டில் விட்டாங்க, ஃபைனல் ஃபைட், கேப்டன் கமாண்டோ எல்லாம் இருக்கு, நம்மாளக் காணோம்.

பழையடிஸ்க்:
ரைட்ஸ் பிரச்சனை ப்ரோ. கதை கேப்காமோடது கிடையாது, மார்க் ஷுல்ட்ஸோட செனோசோயிக் டேல்ஸ் காமிக்ஸ். 1993ல அத வச்சு டிவில கார்ட்டூன் வந்துச்சு, அதே வருஷம்தான் காயின் போட்டு ஆடுற ஆர்கேட் கேமும். இது போதாதுன்னு தலைப்புலயே கெடிலாக், அது ஜெனரல் மோட்டார்ஸ் பிராண்ட். ஆனா முழுசா கைகழுவ வேணாம், பனிஷரும் அதே 1993 கேப்காம் கேம்தான், மார்வெல் லைசென்ஸ்ல பல வருஷம் தூங்கிட்டு 2024 கலெக்‌ஷன்ல வந்துடுச்சு.

குண்டன்மெஸ்:
வந்தாலும் யாரு கையில குடுக்குறாங்கன்னு பாக்கணும். ஃபைனல் ஃபைட்ட 2006ல ஸ்ட்ரீட்வைஸ்னு 3டில இழுத்துட்டு போயி என்ன ஆச்சு? ஸ்ட்ரீட்ஸ் 4 பண்ணவங்க அந்த தப்ப பண்ணல, படம் கையால வரைஞ்சது, ஆனா அடிதடி அதே பழைய சைடு வியூதான். எனக்குப் புடிச்சது அந்த பச்சை லைஃப். ஸ்ட்ரீட்ஸ் ரெண்டாவது பார்ட்ல ஸ்பெஷல் அடி அடிச்சா லைஃப் போச்சுன்னா போச்சு, அதனால பயந்து பயந்து அடிப்போம். நாலாவதுல போன லைஃப் பச்சையா நிக்கும், அடி வாங்காம நாலு பேர அடிச்சா திரும்பி வரும், நடுவுல ஒரு அடி வாங்கினா அவ்ளோதான். பழைய ரூல்தான், ஆனா பதுங்குறவன முன்னாடி தள்ளி விடுது பாருங்க, அங்கதான் மூளை வேல செஞ்சிருக்கு. மியூசிக்ல கூட பழைய பார்ட்டுக்கு மியூசிக் போட்ட யூஸோ கோஷிரோவ கூப்பிட்டு பங்கு குடுத்திருக்காங்க.

ஒத்தரூபா:
எனக்கு என்னமோ நம்பிக்கை இல்ல. முஸ்தபா கேம் நம்ம காயின புடுங்கவே செஞ்சது, பாஸ் வந்தா பாக்கெட் காலி, அதனாலதான் ஒவ்வொரு லைஃபும் உயிர் மாதிரி இருந்துச்சு. வீட்ல கன்டினியூ ஃப்ரீயா கிடைச்சா அரை மணி நேரத்துல முடிச்சிட்டு தூங்கப் போயிடுவோம். அதுவும் இல்லாம நம்ம ஆடுறப்போ பின்னாடி நின்னு "சிக்கன எடுடா எடுடா"ன்னு கத்துறவன எந்த கம்பெனி ரீமேக் பண்ணும்?

குண்டன்மெஸ்:
@ஒத்தரூபா ஸ்ட்ரீட்ஸ் 4ல ஆர்கேட் மோடுன்னு ஒண்ணு இருக்கு, கன்டினியூவே கிடையாது, போய் ஆடிட்டு வந்து பேசுங்க 😄

கடைசிகாயின்:
ரைட்ஸ் கதை இப்பதான் தெரியுது, நன்றி. அதுவரைக்கும் ஸ்ட்ரீட்ஸ் 4தான், சனிக்கிழமை நைட் ஆன்லைன்ல ஒருத்தர் வாங்க. முஸ்தபா வந்தா மட்டும் அவன் எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்.