3 மாதமாக இமை ஓரத்தில் செதில், மெட்ராஸ் ஐ இல்லையாம். யாருக்காவது வந்திருக்கிறதா?

நூல்கண்டு (திருப்பூர்):
காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டிருக்கிறது, பீளையைத் துடைத்தால் முடி வேரில் பொடுகு போல வெள்ளைச் செதில், சாயங்காலமானால் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். பனியன் கம்பெனியில் தையல் வேலை என்பதால் பஞ்சுத் தூசிதான் என்று நினைத்தேன். மெடிக்கலில் கேட்டால் மெட்ராஸ் ஐ என்று ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். போட்டால் இரண்டே நாளில் சிவப்பு போய்விடும், நிறுத்தினால் திரும்ப வந்துவிடும். இப்படியே 3 பாட்டில் காலி. போன வாரம் கண் டாக்டரிடம் போனேன். 'ப்ளெஃபரைட்டிஸ், ஒத்தடம் கொடுங்கள், இமையைக் கழுவுங்கள், முழுசாகப் போகாது' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். முழுசாகப் போகாது என்றால்? பார்வை போய்விடுமா? பிள்ளைக்கு ஒட்டுமா?

பழைய கண்ணாடி:
ஒட்டாது. பார்வையும் அப்படியெல்லாம் போகாது, பயப்படாதீர்கள். எனக்கு 8 வருடமாக இருக்கிறது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது, இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் போய்விடும். உங்களுக்கு வந்திருக்கும் ப்ளெஃபரைட்டிஸ் கண்ணில் வரும் நோயே இல்லை, இமை விளிம்பில் வரும் அழற்சி. இமைக்குள் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன, மேலிமையில் மட்டும் 25 முதல் 40 வரை. அந்த எண்ணெய்தான் கண்ணீர் சட்டென்று காய்ந்துவிடாமல் காப்பது. மார்கழியில் நெய் உறைகிற மாதிரி அது கெட்டியாகி அடைத்துக்கொள்வதால்தான் உங்களுக்கு உறுத்துகிறது, கண்கட்டியும் அடிக்கடி வரும்.

ஒத்தடத்தில்தான் எல்லோரும் தப்பு செய்கிறோம். ஒரு துணியை நனைத்து வைத்தால் ஒரே நிமிடத்தில் ஆறிவிடும், அப்புறம் பிரயோஜனம் இல்லை. நான் ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு இரண்டு துணியை மாற்றி மாற்றி 5 முதல் 10 நிமிடம் வைப்பேன், சூட்டை முதலில் மணிக்கட்டில் பார்த்துவிட்டுத்தான். உடனே விரலால் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவ வேண்டும். பிறகு, கொதித்து ஆறிய தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பு விட்டு, பஞ்சில் நனைத்து முடி வேரோடு துடைக்க வேண்டும், ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. தினம் இரண்டு வேளை. குறைவது தெரியவே சில வாரம் ஆகும். சரியாகிவிட்டது என்று நான் நிறுத்திய ஒவ்வொரு முறையும் திரும்பி வந்திருக்கிறது, இப்போது பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது. தலையில் பொடுகு இருந்தால் அதையும் கவனியுங்கள்.

அரிசிக்கொழுக்கட்டை:
கண்ணு, இதற்கு எதற்கு இத்தனை பாடு? எங்கள் வீட்டில் தாய்ப்பால் இரண்டு சொட்டு விடுவோம், இல்லையென்றால் விளக்கெண்ணெய்.

லென்ஸ்_துடைப்பவர்:
அம்மா கோபிக்க வேண்டாம், கண்ணுக்குள் பால், எண்ணெய், தேன் எதுவும் விடக் கூடாது, கிருமி சேரும்.

நான் கண் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். எனக்கு இமையை விட அந்த 3 பாட்டில்தான் கவலை. இரண்டே நாளில் சிவப்பு போய், நிறுத்தியதும் வருகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். டாக்டர் அளந்து கொடுத்தால் நல்ல மருந்துதான், நாமாகத் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், வலியே இல்லாமல் நரம்பு கெட்டுப்போகும். பாட்டிலை எடுத்துப்போய்க் காட்டி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல் எது வந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள்.

இன்னொன்று, முடி வேரைச் சுற்றிக் குழாய் மாதிரி செதில் இருந்தால் டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி காரணமாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை வேறு. நெட்டில் பார்த்துவிட்டு டீ ட்ரீ ஆயிலை அப்படியே தடவிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, கண் வெந்துபோகும்.

நூல்கண்டு:
பாட்டிலைப் பார்த்தேன், பொடி எழுத்தில் டெக்ஸாமெத்தசோன் என்றுதான் இருக்கிறது. வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டேன், அழுத்தம் பார்க்கப் போகிறேன். ஒத்தடம் ஆரம்பித்து ஆறு நாள், ஒட்டுவது நிற்கவில்லை, ஆனால் துடைக்காமலே கண் திறக்க முடிகிறது. மை போடலாமா?

பழைய கண்ணாடி:
இப்போதைக்கு வேண்டாம். பழைய மை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.