புதுப்பிப்பு: "சார், இந்த மாதிரி எதுவுமே இல்ல"

போன மாசம் இங்கே புலம்பியிருந்தேன்: மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் பிள்ளைகள் புராஜெக்ட் தலைப்பை அப்படியே கூகுளில் போட்டுவிட்டு, இதுபோல் பேட்டன்ட்டே இல்லை என்று வந்து நிற்கிறார்கள் என்று. வகைப்பாட்டு எண்ணை (ஒரே வகைக் கண்டுபிடிப்புகளின் பேட்டன்ட்டுகளுக்குப் பொதுவாகத் தரும் குறியீடு) வைத்துத் தேடச் சொல்லிக்கொடுங்கள் என்றீர்கள். செய்தேன், பலன் இருக்கிறது.

தேங்காய் மட்டை உரிக்கும் இயந்திரம் செய்கிற குழு. முதல் அரைமணி நேரம் கம்ப்யூட்டரைத் தொடவிடவில்லை. உரிப்பதற்கு எத்தனை ஆங்கிலச் சொல் உண்டு என்று தாளில் எழுதச் சொன்னேன்: டீஹஸ்கிங், ஹல்லிங், ஹஸ்க் ரிமூவிங்... பிறகு எஸ்பாசெநெட் என்ற பேட்டன்ட் தேடல் தளத்தில் தேடி, பொருத்தமாகத் தெரிந்த ஒரே ஒரு பேட்டன்ட்டைத் திறந்து அதன் வகைப்பாட்டு எண்ணைப் பார்த்தோம். ஏ23என் 5/03. கொட்டைகளை உரிக்கும், உடைக்கும் இயந்திரங்களுக்குள் தேங்காய்க்கென்றே தனி இடம்! அந்த எண்ணை வைத்துத் தேடியதும், தலைப்பில் தேங்காய் என்ற சொல்லே இல்லாதவைகூட வந்தன. ஒரு மாணவி திரையில் விரலை வைத்து, "சார், நம்ம உருளை" என்றாள். முள் வைத்த இரண்டு உருளைகள், எதிரெதிராகச் சுழல்கின்றன. அவள் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

படத்தோடு நிற்காமல் கிளெய்ம் பகுதியை (எதற்கு உரிமை கோருகிறார்கள் என்று சொல்லும் இடம்) வரிவரியாகப் படிக்கவைத்தேன். அதில் உருளைகளின் இடைவெளி மாறாதது. காயின் பருமனுக்கேற்ப விலகும் உருளையாக மாற்றலாமா என்று இப்போது யோசிக்கிறார்கள். அதற்கும் அதே எண்ணில் தேடச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. பேட்டன்ட் விண்ணப்பங்கள் பொதுவாகக் கொடுத்து 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். அதனால் அறிக்கையில் "இல்லை" என்று எழுதக்கூடாது. எந்தத் தேதிவரை, எந்தச் சொல்லில், எந்த எண்ணில் தேடினோம் என்று எழுத வேண்டும்.