மறு: மறு: ‘பிரேஸ்’ – மாட்டு விலாவுக்கு ஒரு வினைச்சொல் தேவை (அவசரம்)

ஸ்கார்பரோ மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கே கனடாவில் ஓர் இறைச்சிக்கடை தன் வாடிக்கையாளர்களுக்காகப் பல மொழிகளில் ஒரு சிறு கையேடு போடுகிறது. மாட்டு விலாவை வீட்டில் சமைப்பது எப்படி என்பதுதான் முழுவதும். தமிழ்ப்படி என் பொறுப்பு. வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் எப்படியோ ஒப்பேறிவிட்டது. ஒரே ஒரு வினைச்சொல்தான் பக்கத்துக்குப் பக்கம் வந்து வழிமறிக்கிறது: பிரேஸ் செய்தல்.

சமைக்காதவர்களும் கருத்துச் சொல்வீர்கள் என்பதால் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். முதல்நாள் மாலையே விலாத் துண்டுகளில் கிலோவுக்கு 10 கிராம் கணக்கில் உப்புத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைப்பது. மேற்பரப்பு காய்ந்திருந்தால்தான் நன்றாகச் சிவக்கும். மறுநாள் கனமான சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒவ்வொரு பக்கமும் கருஞ்சிவப்பாகும்வரை புரட்டி, வெளியே எடுத்துவிட வேண்டும். அதே கொழுப்பில் வெங்காயம், கேரட், தக்காளி விழுது வதக்கி, துண்டுகளைத் திரும்ப அடுக்கி, பாதி உயரத்துக்கு மட்டும் எலும்புச்சாறு. மூடி போட்டு 150 டிகிரி செல்சியஸ் அவனில் ஏறக்குறைய 3 மணி நேரம். முள்கரண்டி தடையில்லாமல் இறங்கினால் முடிந்தது.

இந்த முழு வேலைக்கும் ஒரு சொல் வேண்டும். சோதனைப் படியில் “வேகவைக்கவும்” என்றே எழுதியிருந்தேன். அதைப் படித்த என் மாமி குக்கரில் கறி முங்கத் தண்ணீர் விட்டு விசில் எண்ணத் தொடங்கிவிட்டார்.

பெங்களூரு மென்பொருளாளர் எழுதியது:

இதில் என்ன சிக்கல்? “பிரேஸ் செய்யவும்” என்று போட்டு, முதல் பக்கத்தில் விளக்கிவிடுங்கள். பேக் செய்கிறோம், கிரில் செய்கிறோம், ரோஸ்ட் செய்கிறோம். இது மட்டும் என்ன பாவம் செய்தது?

ஐடிஐ வாத்தியார் எழுதியது:

> “பிரேஸ் செய்யவும்” என்று போட்டு

வேண்டாம் தம்பி. என் மாணவர்களிடம் பிரேசிங் என்றால் பித்தளைக் கம்பியை உருக்கி இரண்டு இரும்பைச் சேர்ப்பது. நிரப்பும் உலோகம் 450 டிகிரிக்கு மேல் உருகினால் பிரேசிங், அதற்குக் கீழே என்றால் சால்டரிங். ஆங்கிலத்தில் எழுத்தாவது வேறு, ஒலி ஒன்றுதான். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்புறம் பல்லுக்குப் போடும் கம்பி ஒன்று இருக்கிறது. வெல்டிங் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில் மாட்டு விலாவை ஏன் நிறுத்த வேண்டும்?

சால்டருக்கு “பற்றாசு” என்ற அருமையான சொல் இருக்கிறது. யாரும் பயன்படுத்துவதில்லை. அது என் பழைய வருத்தம், இங்கே வேண்டாம்.

தஞ்சை ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

அன்பர்களே, சொல் நம்மிடம் இருக்கிறது. புழுக்கு.

புழுங்கு தன்வினை, புழுக்கு பிறவினை. அடங்கு – அடக்கு, மயங்கு – மயக்கு போல. அரிசி புழுங்கும், நாம் புழுக்குகிறோம். முதனிலையே தொழிற்பெயராகவும் நிற்கும். பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு இட்ட விருந்து என்ன? “துருவையம் புழுக்கின் பராஅரை வேவை.” துருவை ஆடு, பராரை பருத்த தொடை. தொடைக்கறி எப்படிப்பட்டது என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும். கடின உழைப்பாளித் தசை, மெல்ல வெந்தால்தான் இளகும். விலாவும் அப்படித்தானே? அடுத்த வரியிலேயே கம்பியில் சுட்ட கொழுங்குறை தனியாக வருகிறது. ஆக, சுடுவது வேறு, புழுக்குவது வேறு என்று சங்கத்தார் தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். மழைக்கு முன் உடம்பு புழுங்குகிறது, மனம் புழுங்குகிறது. எல்லாவற்றிலும் உள்ளே அடைபட்ட வெப்பமே பொருள். மூடிய சட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்?

பெங்களூரு மென்பொருளாளர் எழுதியது:

ஐயா, என் தலைமுறைக்குப் புழு என்றால் புழுதான். கொஞ்சம் நீட்டினால் புழுக்கை. ஆட்டுப் பட்டியில் கிடப்பது. சாப்பாட்டுக் கையேட்டில் இது தேவையா?

தஞ்சை ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

புழுங்கல் அரிசிச் சோறு தின்னும்போது புழு நினைவுக்கு வருகிறதா? புழுக்கை தனி வேர். அதை விளக்கிக் கட்டுரை ஒன்று வைத்திருக்கிறேன், இணைக்கவா?

மட்டுறுத்துநர் எழுதியது:

வேண்டாம் ஐயா.

நாஞ்சில் எழுதியது:

எங்கள் பக்கம் புழுக்கு உயிரோடுதான் இருக்கிறது, மலையாள நாட்டை ஒட்டியவர்கள் என்பதால். ஆனால் புழுக்கு என்றால் கிழங்குதான். மரச்சீனியை வேகவைத்து, தேங்காய் அரைத்துப் போட்டுக் கிண்டியது. கேரளத்தில் கப்பைப் புழுக்கு, திருவாதிரைப் புழுக்கு எல்லாம் அந்த வகை.

வேடிக்கை என்னவென்றால், எல்லும் கப்பையும் என்று மலையோரக் கேரளத்தில் ஒரு சாப்பாடு உண்டு. மாட்டு விலா எலும்பைக் கறியோடு மசாலாவில் மெல்ல வேகவைத்து, வெந்த மரச்சீனியோடு சேர்த்துக் கிண்டுவது. இதில் எது புழுக்கு? கிழங்கா, எலும்பா? எங்கள் வீட்டில் கேட்டால் கிழங்கைத்தான் காட்டுவார்கள்.

குக்கரைப் பற்றி ஒரு சொல். ஸ்கார்பரோ மாமியைக் குறை சொல்ல வேண்டாம். விலாவைக் குக்கரில் முக்கால் மணி நேரத்தில் நன்றாக எடுக்கலாம். முதலில் சிவக்க வறுக்க வேண்டும், தண்ணீர் ஒரு தம்ளருக்கு மேல் கூடாது. குக்கருக்குள் சாறு சுண்டாது, ஆகையால் பிறகு திறந்து வைத்து வற்றவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆம்பூர் சமையல்காரர் எழுதியது:

படித்தேன், சிரித்தேன். இவ்வளவு தூரம் கரிகாலன் வீட்டுக்குப் போக வேண்டாம். தம். ஊருக்கே தெரிந்த சொல். மூடியை மாவு வைத்து அடைப்போம், மேலே நெருப்புத் துண்டு பரப்புவோம், கீழே தணலைக் குறைப்போம். ஆவி வெளியே போகாமல் உள்ளேயே வேகும்.

ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்கிறேன். எங்கள் பிரியாணியில் தம் கடைசிக் கட்டம். அதற்குள் கறி வெந்திருக்கும், அரிசி பாதிக்கு மேல் வெந்திருக்கும். 3 மணி நேரத் தம் எங்களிடம் கிடையாது.

தஞ்சை ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

தம் என்பது பாரசீகம். மூச்சு என்று பொருள். இன்று இளைஞர்கள் “தம் அடிப்பது” எதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடன் வாங்குவதில் எனக்கு வெறுப்பில்லை, வீட்டில் இருப்பதை விட்டுவிட்டு வாங்குவதில்தான்.

புதுச்சேரி எழுதியது:

பிரெஞ்சுக்காரர்கள் தலையிடாமல் இந்த இழை முடியக்கூடாது. பிரேஸ் என்றால் அங்கே தணல், கங்கு. பழைய சமையலறைகளில் இதற்கென்றே ஒரு சட்டி இருந்தது. அதன் மூடி குழிவாக இருக்கும், அதில் கங்கை அள்ளிப் போடுவார்கள். மேலும் தணல், கீழும் தணல். ஆம்பூர்க்காரர் சொன்ன அதே அமைப்பு!

ஆகவே மூலப்பொருளுக்கு உண்மையாக இருக்க வேண்டுமானால்: தணல்வேவை. அல்லது, தஞ்சை ஐயாவுக்கும் சேர்த்து, தணற்புழுக்கு.

ஆம்பூர் சமையல்காரர் எழுதியது:

தணல் என்று எழுதினால் நூற்றுக்கு நூறு பேர் கறியைக் கம்பியில் குத்தி நெருப்பில் காட்டுவார்கள். விலா ரப்பர் மாதிரி வரும். உங்கள் சொல்லுக்கு வேர் சரி, கறி கெட்டது.

வடமராட்சி எழுதியது:

கையேட்டை வாசிக்கப் போவது ஸ்கார்பரோவில் எங்கட சனம்தான் என்பதை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். எங்களுக்குப் புழுக்கொடியல் தெரியும். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது. அவிக்காமல் காயவிட்டால் ஒடியல். ஆக, புழுக்கு என்ற சொல்லை இன்றும் வாயில் போட்டு மெல்லுகிற ஆட்கள் நாங்கள். புழுவும் நினைவுக்கு வருவதில்லை, புழுக்கையும் வருவதில்லை. ஆனால் அது அவிப்பது. தண்ணீரில் அவிப்பது. மாமி செய்ததும் அதைத்தானே?

ஒரு உறுப்பினர் எழுதியது:

எதற்கு வம்பு, எடுத்துக்காட்டை ஆட்டுக்கறியாக மாற்றிவிடலாமே. குழுவில் பலதரப்பட்டவர்கள் இருக்கிறோம்.

தஞ்சை ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

நான் சைவ உணவுக்காரன். ஆனாலும் சொல்கிறேன், மாற்ற வேண்டாம். அகநானூற்றில் மழவர்கள் கொழுத்த ஆவைத் தின்றுவிட்டுச் சுனை நீர் குடிக்கிறார்கள். அதை வகுப்பில் கூச்சமில்லாமல் நடத்தியவன் நான். கையேடு எதற்கோ சொல்லும் அதற்கே.

ஸ்கார்பரோ மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நன்றி ஐயா. மாட்டை ஆடாக்கினால் செய்முறையே பிழையாகிவிடும். மாட்டுக்கு விலா 13 சோடி. இங்கே கசாப்புக்கடையில் எந்த இடத்து விலா என்பதைப் பொறுத்துச் சமையலே மாறுகிறது. தோள்பட்டைப் பக்கத்து விலாவிலும் நெஞ்சின் கீழ்ப்பக்கத்து விலாவிலும் எலும்புக்கு மேல் தடித்த கறி. முதுகு விலாவில் கறி எலும்புகளுக்கு இடையில்தான், மேலே இருந்ததை ஸ்டேக்குக்கு எடுத்துவிடுவார்கள். முதுகு விலாவின் உள்பக்கம் ஒரு ஜவ்வு ஒட்டியிருக்கும். கரண்டிக் காம்பால் ஒரு முனையைக் கிளப்பி, வழுக்காமல் இருக்கக் காகிதத் துவாலையால் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். ஜவ்வு என்றே எழுதிவிட்டேன், சவ்வு என்று திருத்த யாரும் வர வேண்டாம்.

எலும்பின் நீளத்தில் வெட்டுவதற்கு நெடுக்குவெட்டு, எலும்புகளின் குறுக்கே மெல்லிசாக அறுப்பதற்குக் குறுக்குவெட்டு என்று போட்டிருக்கிறேன். குறுக்குவெட்டுதான் கொரியர்கள் கல்பிக்கு வாங்குவது. அது சில நிமிடம் சுடுவதற்கு. நம் சொல் நெடுக்குவெட்டுக்கு மட்டும்.

ஒரு உறுப்பினர் எழுதியது:

கொரியர் என்றதும் நினைவு வருகிறது. அவர்களும் அப்பா, அம்மா என்றுதான் அழைக்கிறார்கள். கல்பி என்பதில் உள்ள கல்…

மட்டுறுத்துநர் எழுதியது:

கொரிய-தமிழ் உறவுக்கு ஏற்கெனவே ஓர் இழை இருக்கிறது. தயவுசெய்து அங்கே.

நெடுக்குவெட்டு, குறுக்குவெட்டு இரண்டையும் யாரும் எதிர்க்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். இந்தக் குழுவில் இது அபூர்வம்.

ஐடிஐ வாத்தியார் எழுதியது:

ஒரு ஐயம். சொல்லில் எதைக் காட்ட வேண்டும்? முதலில் சிவக்க வறுப்பதையா, மூடுவதையா, குறைந்த நீரையா, நெடுநேரத்தையா? நாலையும் ஒரு சொல்லில் திணித்தால் சரக்கு ரயில் ஆகிவிடும்.

ஸ்கார்பரோ மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குறைந்த நீரும் மூடியும். மற்ற இரண்டும் செய்முறையில் தனித்தனிப் படியாக வருகின்றன. நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்வதைவிடப் பதம் பார்த்துச் சொல்வதே நல்லது. கறி 63 டிகிரியிலேயே தின்னப் பாதுகாப்பானது, ஆனால் விலாவை அப்போது மெல்ல முடியாது. உள்ளே 90-ஐத் தாண்டி, 95 வாக்கில் நின்று, ஜவ்வெல்லாம் பசையாக உருகினால்தான் எலும்பை விட்டுக் கழன்று வரும். அதற்குத்தான் இத்தனை மணி நேரம்.

தஞ்சை ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

அப்படியானால் குறைநீர்ப் புழுக்கு. குறைநீர் வினைத்தொகை: குறைந்த நீர், குறைகின்ற நீர், குறையும் நீர். ஊற்றும்போதே குறைவு, வேக வேக இன்னும் குறைகிறது. முக்காலமும் பொருந்துகிறது பாருங்கள்! வடமராட்சி அன்பரின் தண்ணீர்க் கவலையும் தீர்ந்தது.

பெங்களூரு மென்பொருளாளர் எழுதியது:

அழகாக இருக்கிறது ஐயா, உண்மையாகவே. ஆனால் சமையலறையில் கை முழுக்கக் கொழுப்போடு நிற்பவர் வினைத்தொகையை விரிக்க மாட்டார். என் முன்மொழிவு: மூடுவேக்காடு. மூடு தெரியும், வேக்காடு தெரியும். வினையாக்க “மூடுவேக்காட்டில் விடவும்”.

நாஞ்சில் எழுதியது:

வேக்காடு என்றதும் அரைவேக்காடு நினைவுக்கு வராதா? அது இப்போது ஆளைத் திட்டுவதற்குத்தானே பயன்படுகிறது.

ஆம்பூர் சமையல்காரர் எழுதியது:

எங்கள் அடுப்படியில் இன்றும் “வேக்காடு பத்தலை” என்றுதான் சொல்கிறோம். யாரையும் திட்டுவதில்லை. மூடுவேக்காட்டுக்கு என் கை தூக்கப்பட்டது. தம் போனால் போகட்டும்.

வடமராட்சி எழுதியது:

எனக்கும் சம்மதம். விருப்பம் என்று சொல்லமாட்டேன்.

புதுச்சேரி எழுதியது:

தணல் இல்லாத பிரேஸ். சரி, பிரெஞ்சுக்காரர்களே இப்போது அவனில்தான் வைக்கிறார்கள். ஒப்புதல்.

ஸ்கார்பரோ மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இன்று புதன். முடிவைச் சொல்லிவிடுகிறேன். தலைப்பிலும் செய்முறையிலும் “மூடுவேக்காடு”. முதல் முறை வரும் இடத்தில் மட்டும், “கறி முங்காத அளவு நீரில், மூடி, மெல்ல வேகவிடுவது” என்று ஒரு வரி. மாமியிடம் நேற்று இந்த வடிவத்தைக் கொடுத்தேன். பாதி உயரத்துக்குத்தான் தண்ணீர் விட்டார். சொல்லைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்த குழம்பின் மேல் கட்டியாக நின்ற கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, கொத்தமல்லி தூவினால்தான் ஆகும் என்று நின்றார். கையேட்டில் கொத்தமல்லி கிடையாது. அதையும் சேர்க்கலாமா என்று கடைக்காரரைக் கேட்டிருக்கிறேன்.

தஞ்சை ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

பெரும்பான்மைக்கு வாழ்த்து. என் மாற்றுக்கருத்து பதிவில் இருக்கட்டும். வேக்காடு பதத்தின் அளவைக் காட்டும் பெயர், முறையின் பெயர் அன்று. அரை, முக்கால், முழு என்று அளவுதான் அதற்கு முன்னால் வரும், மூடு வராது. அடுத்த பதிப்பு வந்தால் குறைநீர்ப் புழுக்கை மறுபரிசீலனைக்கு எடுக்க வேண்டும்.

பெங்களூரு மென்பொருளாளர் எழுதியது:

> குறைநீர்ப் புழுக்கை

ஐயா, இரண்டாம் வேற்றுமை உருபு சேர்த்ததும் நான் பயந்தது நடந்துவிட்டது.

மட்டுறுத்துநர் எழுதியது:

இழை மூடப்படுகிறது. முதலில் சிவக்க வறுக்கும் படிக்குத் தனிச்சொல் வேண்டும் என்பவர்கள் புதிய இழை தொடங்கலாம். தஞ்சை ஐயா அனுப்பிய “கரிவாட்டு” என்ற முன்மொழிவு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது.