குழுவே ஒரு பக்கம் சாயும்போது நிதானத்தைக் காப்பது எப்படி?

கேள்வி: மாடிவீடு

வணக்கம். எங்கள் தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவில், போர்வை விற்க வரும் வடமாநில இளைஞர் ஒருவரின் படத்தைப் போட்டு, ‘பிள்ளை பிடிக்கிற கும்பல், உஷார்’ என்று சென்ற வாரம் ஒருவர் எழுதினார். பத்து நிமிடங்களுக்குள் நாற்பது செய்திகள் வந்து குவிந்தன. ‘கட்டி வைத்து உதைக்க வேண்டும்’ என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். அந்த இளைஞரிடம் நான் இரண்டு போர்வைகள் வாங்கியிருக்கிறேன். அன்று சில்லறை இல்லாததால், மறுநாள் வீடு தேடி வந்து மீதி முப்பது ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். அப்படியிருந்தும் அந்தப் படத்தைப் பார்த்ததும் என் வயிறு கலங்கியது. கீழே ஓடிப்போய், மகள் விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. குழுவில் ஒரு சொல்லும் எழுதாமல் இருந்துவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது. நேரில் அறிந்த ஒன்றையே அச்சம் மறைத்துவிடுமானால், அந்த நேரத்தில் தெளிவாகச் சிந்திப்பது எப்படி?

பதில்: வடாற்காட்டான்

சகோதரி, 2018 மே மாதத்தில் எங்கள் பக்கம், போளூரை அடுத்த அத்திமூரில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தின் மூதாட்டி, வழியில் நின்ற குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊர் திரண்டு அடித்ததில் அவர் இறந்துபோனார். அவர் சென்னையிலிருந்து வந்தவர், நம்மைப் போலத் தமிழ் பேசியவர். சந்தேகம் என்பது ஒருமுறை கிளம்பிவிட்டால் வடக்கு, தெற்கு என்றெல்லாம் பார்ப்பதில்லை.

அதே காலத்தில், பைக்கில் வந்தவர்கள் ஒரு சிறுவனைத் தூக்கிச் செல்லும் காணொளி நாடு முழுவதும் சுற்றியது. அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, அறிவிப்பு அட்டையைக் காட்டும் கடைசிக் காட்சியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். ஆகவே இப்படி எது வந்தாலும், ‘இதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது?’ என்று முதலில் கேட்டுப் பழகுங்கள்.

பதில்: உளவியல் மாணவி

வயிறு கலங்கியதற்காக வருந்தாதீர்கள்; பெற்ற மனம் அப்படித்தான் பதறும். நீங்கள் முதலில் மகளைப் போய்ப் பார்த்தது சரியான செயல், ஏனெனில் பதற்றம் அடங்கிய பிறகே கேள்வி கேட்கும் அறிவு திரும்புகிறது. உங்களை உறுத்தும் அந்த மௌனத்தைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன். 1950களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ், ஒரு கோட்டைக் காட்டி, அதற்குச் சமமான நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று ஒரு குழுவினரைக் கேட்டார். அவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஏற்பாட்டின்படி, 18 சுற்றுகளில் 12 சுற்றுகளில் வேண்டுமென்றே தவறான விடையைச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தும், சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் ஒருமுறையேனும் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். ஆனால் வேறு ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, அப்படிச் சாய்வது வெகுவாகக் குறைந்துபோனது. உங்கள் குழுவிலும் வாய் திறக்காமல் யாரேனும் அந்த ஒரு குரலுக்காகக் காத்திருக்கக்கூடும். முப்பது ரூபாய்ச் செய்தியை நீங்கள் எழுதினால் போதும், யாரையும் முட்டாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பதில்: பழைய தலையாசிரியர்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் ஓர் எல்லை உண்டு. ‘கட்டி வைத்து உதைக்க வேண்டும்’ என்ற சொல் வந்த பிறகு பொறுமையாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது போதாது. அந்தச் செய்தியைக் காவல் நிலையத்தில் காட்டுங்கள். தெருவில் யாரையேனும் மறித்து நிறுத்தினால் உடனே 100-ஐ அழையுங்கள். எழுதியவரிடம் குழுவில் வாதாடாமல் தனியே பேசுங்கள், அம்மா. பலர் முன்னிலையில் தவறை ஒப்புக்கொள்ள மனிதருக்குக் கூச்சம் தடையாக நிற்கும். திண்ணையில் உட்கார்ந்து பேசினால் இறங்கி வருவார்கள்.

கேள்வி கேட்டவர்: மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு, போர்வை வாங்கியதையும் முப்பது ரூபாய் திரும்பி வந்ததையும் எழுதி, ‘இந்தப் படத்தை யார், எங்கே எடுத்தது?’ என்று கேட்டேன். நெடுநேரம் பதிலே இல்லை. பிறகு எதிர்வீட்டு அக்கா, ‘நானும் அவரிடம் வாங்கியிருக்கிறேன், நல்ல பையன்’ என்று எழுதினார். இன்னும் இருவர் அதை ஆமோதித்தார்கள். படத்தைப் போட்டவரின் வீட்டுக்கு இன்று காலை போய்ப் பேசினேன். மைத்துனர் அனுப்பியதை அப்படியே போட்டதாகச் சொல்லி, படத்தை நீக்கிவிட்டார். அந்த இளைஞர் எங்கள் தெருவுக்குக் கடைசியாக வந்து ஒன்பது நாட்கள் ஆகின்றன.