டேட்டா சென்டர் கேபிள் வேலை: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். சிறுசேரியில் 40 ரேக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி) உள்ள ஒரு டேட்டா சென்டருக்குக் கேபிள், கேமரா, கண்காணிப்பு அறையின் வீடியோ வால் (பல திரைகளைச் சேர்த்த பெரிய திரைச்சுவர்) மூன்றையும் சேர்த்து டிசைன் செய்துகொண்டிருக்கிறேன். சில இடங்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வாடிக்கையாளர் எல்லாக் கேபிளையும் ரெய்ஸ்டு ஃப்ளோருக்கு (தூக்கிக் கட்டிய பலகைத் தரைக்கு) அடியில் விடச் சொல்கிறார். மேலே கேபிள் தாங்கும் ட்ரே போட்டால் பார்க்க நன்றாக இருக்காதாம். போன வருடம் ஒரு பழைய அறையில், காற்று வருவதற்காகத் துளையிட்ட தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். நேர் கீழே ஒரு சாண் உயரத்துக்குப் பழைய கேபிள் குவிந்து கிடந்தது. குளிர்காற்று மேலே வர வழியே இல்லை, எதிரே இருந்த சர்வர்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கீழே விட மனசு வரவில்லை. இப்படிப்பட்ட வாடிக்கையாளரை நீங்கள் எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

அடுத்து வீடியோ வால். கேபிள் போகும் வழியை அளந்தால் 130 மீட்டர் வருகிறது. நெட்வொர்க் கேபிளில் வீடியோ அனுப்பும் ஹெச்டிபேஸ்-டி முறை 100 மீட்டரோடு சரி. ஃபைபர் எக்ஸ்டெண்டர் (ஒளியிழைக் கேபிளில் படத்தை அதிகத் தூரம் அனுப்பும் கருவி) போடலாமா, நெட்வொர்க் வழியாகவே படத்தை அனுப்பலாமா? கேமராக்கள் இருக்கும் அதே நெட்வொர்க் சுவிட்சில் இதையும் ஏற்றப் பயமாக இருக்கிறது. மல்டிகாஸ்ட் (கேட்கும் கருவிகளுக்கு மட்டும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) அமைப்பு கொஞ்சம் பிசகினாலும் வீடியோ எல்லாப் போர்ட்டிலும் வெள்ளமாய்ப் பாய்ந்து, கேமரா பதிவு விட்டுப்போகும்.

அப்புறம், கதவு கார்டு ரீடர் ஒயரை டேட்டா ட்ரேயிலேயே விடலாமா? தனிக் குழாய்தான் சரி என்பது என் எண்ணம்.

வெள்ளிக்கிழமை வரைபடம் கொடுக்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.