வறண்ட காட்டில் எலுமிச்சைக் கன்று: தண்ணீர் விட்ட அனுபவங்கள்

எங்களுடையது சங்கரன்கோவில் பக்கம் செவல் காடு, அதாவது செம்மண் நிலம். புளியங்குடிக்காரர்களுக்கு மலையடிவாரம், ஓடைத் தண்ணீராவது உண்டு. இங்கே கிணறு கொடுப்பதுதான் கணக்கு. 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளியில் எலுமிச்சை வைத்தால் ஒரு கன்றுக்கு 25 சதுர மீட்டர் இடம் வருகிறது, ஆனால் சின்னக் கன்றின் நிழல் ஒரு சதுர மீட்டர்கூட விழாது. வாய்க்கால் வெட்டிக் காடு முழுக்கப் பாய்ச்சினால் மிச்சத் தண்ணீரைக் குடிப்பது அருகும் கோரையும்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். கோடையில் நாளைக்கு 6, 7 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்தாலும் அந்தக் கன்றுக்கு ஆறேழு லிட்டர் தாராளம்.

சொட்டுநீர் போட்டுவிடுங்கள், சிறு குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. கன்றுக்கு இரண்டு பக்கமும் மணிக்கு 4 லிட்டர் சொட்டவிடும் டிரிப்பர் ஒவ்வொன்று போதும். தண்டை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள், தண்டு நனைந்துகொண்டே இருந்தால் பட்டை அழுகிக் கோந்து வடியும். கன்று விரிய விரிய டிரிப்பரையும் வெளியே நகர்த்த வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை, அதனால் வேரும் அந்த ஈரத்தை விட்டு வெளியே போகாது.

அப்புறம் மூடாக்கு. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, தென்னை ஓலையும் சோளத்தட்டையும் நாலு விரல் கனத்துக்குப் போட்டிருக்கிறோம். உச்சி வெயிலில் அதை விலக்கிக் கையை விட்டால் மண் குளிர்ந்து விரலில் ஒட்டுகிறது. ஓர் அடி தள்ளித் தொட்டால் சுடுகிற புழுதி.

சித்திரையைவிட ஆடியில்தான் கவனம் வேண்டும். சாரல் குற்றாலத்தோடு நின்றுவிடும், எங்களுக்கு வருவது வறட்டுக் காற்று மட்டும், அது இலையில் உள்ள ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். மத்தியானம் இலை சுருண்டால் பதற வேண்டாம், காலையிலேயே சுருண்டு நின்றால் உடனே தண்ணீர் விடுங்கள்.

கோவில்பட்டிப் பக்கமிருந்து:
அண்ணாச்சி, நம்மது கரிசல். காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாகவே அடி ஈரமும் போய்விடும். மேல்மண்ணை லேசாகக் கொத்திவிட்டால் வெடிப்பு மூடிக்கொள்கிறது. கரண்ட் இல்லாத மூலையில் இருக்கும் கன்றுகளுக்கு தண்ணீர் ஊற்றிக் கசியவிட மண்பானை புதைத்தோம், வாய் மட்டும் வெளியே தெரிய, மேலே ஓடு வைத்து மூடி. எண்ணெய் ஊறிய பழைய பானை கசியாது, புதுப்பானையாக வாங்குங்கள். ஓரமாகத் தோண்டிப் பார்த்தபோது வேர் பானையைச் சுற்றிப் பின்னிக் கிடந்தது, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

கயத்தாற்றிலிருந்து:
அணில் டியூபைக் கடிக்கிறது, என்ன செய்ய? போர்வெல் தண்ணீர் உப்பு வேறு, டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிகிறது.

சங்கரன்கோவில்:
தாகத்துக்குத்தான் கடிக்கும் தம்பி. வரப்போரம் நாலைந்து இடத்தில் சட்டியில் தண்ணீர் வையுங்கள், எங்களுக்கு அதிலேயே பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. டிரிப்பர் வாயில் இறுகிப்போன உப்பு வெறும் தண்ணீரில் போகாது, ஆனால் டியூபுக்குள் கசடு தங்காமல் இருக்க வாரம் ஒருமுறை டியூபின் கடைசி மூடியைக் கழற்றி, கலங்கல் நின்று தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள்.