புதுப்பிப்பு: 1870க்கு முந்தைய கறுப்பின மூதாதையரைத் தேடியது – விடை கிடைத்தது

என் கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் தென்படும் அவருடைய முன்னோர் ஒருவருக்குப் பெற்றோர் யார் என்று கண்டறிய இங்கே வழி கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

1860 கணக்கெடுப்போடு தனியாக எடுக்கப்பட்ட அடிமைப் பட்டியல் உதவவில்லை. அதில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் மட்டுமே; மனிதர்களுக்குப் பெயரே இல்லை. கைகொடுத்தது ஃப்ரீட்மன்ஸ் வங்கிப் பதிவேடுகளைப் பார்க்கச் சொன்ன யோசனைதான். 1865இல் தொடங்கி 1874இல் மூடப்பட்டபோது, அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற எத்தனையோ ஏழைகளின் சேமிப்பை விழுங்கிய வங்கி அது. ஆனால் கணக்குத் தொடங்க வந்தவர்களிடம் உறவினர் பெயர்களைக் கேட்டு எழுதிவைத்த ஏடுகள் இன்று பெரும் பொக்கிஷம். வம்சாவளி தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

எதிர்பாராத விஷயம்: நாங்கள் தேடிய முன்னோரின் பெயரில் கணக்கே இல்லை. அவருடைய தங்கையின் கணக்கில் தாய், தந்தை, அண்ணன்மார் எல்லோரும் இருந்தார்கள். தந்தையின் பெயரை அடுத்து, 'போருக்கு முன் (அதாவது, அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்) விற்கப்பட்டார்' என்று ஒரே வரி. படித்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது.

தேடுகிறவர்கள் உடன்பிறந்தவர்களின் பெயர்களையும் விடாமல் பாருங்கள். எழுத்துக்கூட்டல் ஏட்டுக்கு ஏடு மாறும். முன்னாள் உடைமையாளரின் குடும்பப் பெயரைத்தான் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம், இவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.